பழைய கட்டலொக்க வச்சு நம்மட ஊர்ப் புத்தகத்தத் தேடிப் புடிக்கிறது எப்பிடி

மட்டக்களப்பப் பத்தி ஒரு பழைய புத்தகம் வேணும் எண்டா நம்மட ஆக்கள் என்ன செய்வாங்க, போனை எடுத்து கூகுள்ல பேரப் போடுவாங்க, வந்தா ஹோட்டல் விளம்பரம் வரும், பாசிக்குடா போட்டோ வரும், அதோட "அந்தப் புத்தகம் இப்ப இல்லயாம் கா" எண்டு சொல்லி முடிச்சிருவாங்க. நானும் கன காலம் அப்பிடித்தான் திரிஞ்சன். புத்தகத்துக்கு முதல் அதின்ட கட்டலொக் வரிய, அதாவது லைப்ரரிப் பட்டியல்ல அந்தப் புத்தகத்தப் பத்தி எழுதி வச்ச விவரத்தத் தேடோணும் எண்டது எனக்குப் புத்தியில ஏறினது ஒரு நட்டம் பட்ட புறகுதான்.

சில வருஷத்துக்கு முதல் இலங்கையப் பத்தின ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தின்ட மீள்பதிப்ப ஒன்லைன்ல காசு கட்டி எடுத்தன், நம்மட வாவியப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கெண்டு ஆரோ சொன்னதால. வந்தது பாக்க வடிவுதான், அட்டை மினுங்குது, மணக்குது. உள்ள பிரட்டினா 96ஆம் பக்கத்துக்குப் புறகு 99. இன்னும் கொஞ்சம் போனா ஒரு பக்கம் முழுக்க வெள்ளை, நடுவுல மட்டும் மங்கலா ஒரு கோடு. முதல் விளங்கல்ல. புறகு வெளிச்சத்துக்கு நேர புடிச்சுப் பாத்தாத்தான் தெரியுது, அது மடிச்சு வச்சிருந்த மேப், ஸ்கேன் பண்ணினவன் அத விரிக்காம மடிச்சபடியே போட்டு அமத்தியிருக்கான், அதின்ட முதுகு மட்டும்தான் விழுந்திருக்கு. அந்த மேப்புக்காகத்தான் நான் காசு கட்டினதே. வித்தவனுக்கு எழுதினன், பதில் இல்ல.

அதுக்குப் புறகு நம்மட பக்கத்து லைப்ரரி ஒண்டுல போய்க் கேட்டா, அங்க வேல செய்யிற வயசான ஐயா ஒருத்தர் "மனே, லாச்சியப் பாத்தியா? கொம்பியூட்டருக்கு என்ன தெரியும்" எண்டு ஒரு மூலையக் காட்டினாரு. கார்ட் கட்டலொக், மரப்பெட்டி, ஒரு பக்கம் கறையான் தின்னது. (இழுப்பறைக்குச் சொல்ற லாச்சி எண்டுற சொல்லே ஒல்லாந்தன் விட்டுட்டுப் போனது, கந்தோர் மாதிரி. கோட்டைய விட சொல்லுத்தான் உறுதியா நிக்குது.) அந்தக் கார்ட்டுல நான் வாங்கின அதே புத்தகத்துக்கு முன்பக்கம் இத்தன, பக்கம் இத்தன, மடிப்பு மேப் ஒண்டு எண்டு மூணு விசயம் எழுதிக் கிடந்திச்சு. அத முதலே பாத்திருந்தா என்ட காசு மிஞ்சியிருக்கும்.

சரி, இனி எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்றன்.

முதல்ல கட்டலொக் வரிய வாசிக்கப் பழகுங்க. ஆள் பேர், புத்தகத்தின்ட பேர், ஊர், அச்சுக்கூடம், வருஷம், அதுக்குப் புறகு வாற பக்கக் கணக்குத்தான் தங்கம். முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் ரோமன் இலக்கத்துல தனியா எண்ணியிருப்பாங்க, அதுக்குப் புறகு கமா போட்டு உள்ளடக்கத்தின்ட பக்கம், அதுக்குப் புறகு படம் எத்தன மேப் எத்தன. மீள்பதிப்பு போடுறவங்க முதல் வெட்டுறது அந்த ரோமன் இலக்கப் பக்கத்தத்தான், ஆர் பாக்கப் போறான் எண்டு. ஆனா நம்மட ஊர்ப் புத்தகங்கள்ல ஏடு ஆரிட்ட இருந்து வந்திச்சு, எந்தக் கோயில்ல பாடினது எண்டெல்லாம் அந்த முன்னுரையிலதான் கிடக்கும். வருஷம் சதுர அடைப்புக்குள்ள இருந்தா, அது புத்தகத்துல அச்சடிச்சிருக்கல்ல, கட்டலொக் எழுதினவர் வேற எங்கயோ இருந்து எடுத்துப் போட்டிருக்காரு எண்டு அர்த்தம். கேள்விக்குறியும் சேத்திருந்தா அவருக்கே நிச்சயமில்ல. அத அப்பிடியே கொப்பி பண்ணி "1880ல வெளியான" எண்டு கட்டுரை எழுதிறாதீங்க, கன பேர் அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு.

எந்தக் கட்டலொக்கப் பாக்குற எண்டு கேட்டா, அது உங்கட புத்தகம் எந்தக் காலத்துப் புத்தகம் எண்டதப் பொறுத்தது. 1865க்கு முந்தினதெண்டா ஜோன் மர்டொக் எண்டுற கிறிஸ்தவ மிஷனரி சென்னையில போட்ட தமிழ் அச்சுப் புத்தகக் கட்டலொக் இருக்கு. அந்தாள் அதுக்கு முதல் கண்டியில பள்ளிக்கூடத்துல படிப்பிச்சவர், அதால இலங்கைத் தமிழ்ப் புத்தகமும் அவருக்குத் தெரியும். விசயம் விசயமாப் பிரிச்சிருப்பாரு. சைவப் புத்தகங்களப் பத்தி அவர் எழுதின குறிப்புகள்ல பாதிரி மனசு நல்லாத் தெரியும், அத விட்டுட்டு விவரத்த மட்டும் எடுங்க. இந்தக் கட்டலொக்கே 1968ல மெட்ராஸ்ல மீள்பதிப்பா வந்திச்சு, அதால தேடினா கிடைக்கும். அதுக்கு அடுத்தது பிரிட்டிஷ் மியூசியத்தின்ட தமிழ்ப் புத்தகக் கட்டலொக், பார்னெட்டும் ஜி. யூ. போப்பும் சேந்து 1909ல போட்டது, புறகு 1931ல பார்னெட் தனிய ஒரு பின்னிணைப்பும் போட்டாரு. ரெண்டையும் சேத்துப் பாக்கோணும், முதலாவதுல இல்லயெண்டு விட்டுட்டு வாறவங்க கன பேர்.

நம்ம நாட்டுக் கணக்குத்தான் இதுகளவிட வாசி. 1885ல வந்த 1ஆம் இலக்க அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில அச்சடிக்கிற புத்தகத்த அரசாங்கத்துக்குக் குடுத்துப் பதியோணும். அப்பிடிப் பதிஞ்ச புத்தகங்களின்ட பட்டியல கெசற்ல, அதாவது அரசாங்க வர்த்தமானியில போட்டு வந்தாங்க. 40 பக்கக் கும்மிப் புத்தகம் கூட அதுல ஏறிக் கிடக்கலாம். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்துலயும் மியூசியம் லைப்ரரியிலயும் பாக்கலாம், மியூசியம் லைப்ரரி 1877ல தொடங்கினது, 1885க்குப் புறகு வந்த புத்தகம் சட்டப்படி அங்க போய்ச் சேரோணும். பாடுமீன் ட்ரெயின்ல ராத்திரி ஏறினா விடிய கொழும்பு, அடையாள அட்டைய மறந்திராதீங்க. ஆனா போறதுக்கு முதல் வருஷத்த ஓரளவுக்கெண்டாலும் சுருக்கிட்டுப் போங்க, இல்லாட்டி ஒரு நாள் முழுக்க கெசற் பிரட்டிட்டு கண் எரிவோட வருவீங்க.

கொழும்புக்குப் போக ஏலாட்டி வீட்டுல இருந்தே ரெண்டு இடம் பாக்கலாம். ஒண்டு நூலகம் டொட் ஓர்க், இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள ஸ்கேன் பண்ணிப் போடுற இணையத்தளம், 2005ல தொடங்கினது, அதுல ஒரு புத்தகத்தின்ட பக்கத்துக்குப் போனா நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அந்தப் பெட்டியே ஒரு கட்டலொக் கார்ட்தான். ஆக்கள் பிடிஎப்ப மட்டும் இறக்கிட்டுப் போயிருவாங்க, அந்தப் பெட்டிய ஆரும் பாக்கிறல்ல. மற்றது என். செல்வராஜா தொகுத்த நூல்தேட்டம், ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களின்ட விவரப் பட்டியல். ஒவ்வொரு தொகுதியிலயும் ஆயிரம் புத்தகம், முதல் தொகுதி 2002ல வந்திச்சு. பக்கம், விலை, எத்தன சென்ரிமீற்றர் நீளம் அகலம் எண்டு வரைக்கும் போட்டிருப்பாரு, அந்தச் சென்ரிமீற்றர் எதுக்கு எண்டு நினைக்காதீங்க, மீள்பதிப்பு அதே அளவா சுருக்கினதா எண்டு அதவச்சுத்தான் புடிக்கிற. பின்னுக்கு இருக்கிற பேர் அட்டவணையில தொடங்குங்க, முன்னுக்கு இருந்து பிரட்டாதீங்க.

இனித்தான் ஆக்கள் மாட்டுப்படுற இடம். எழுத்துக் கூட்டல்.

வெளிநாட்டு லைப்ரரி கட்டலொக்ல தமிழ்ப் பேர இங்கிலீஷ் எழுத்துல ஒரு முறைப்படி எழுதியிருப்பாங்க, நாம போன்ல டைப் பண்ற மாதிரி இல்ல. ச எல்லாத்துக்கும் சி (C) எழுத்துத்தான், அதால சரித்திரம் எண்டத எஸ் எழுத்துல தேடினா வாழ்நாள் முழுக்கத் தேடலாம். ள வந்தா எல் எழுத்துக்குக் கீழ புள்ளி, ழ வந்தா அதே எல்லுக்குக் கீழ கோடு. ட வுக்கு டி (T) எழுத்துக்குக் கீழ புள்ளி, நாம போடுற டபிள் டி எச் எல்லாம் இல்ல. மட்டக்களப்பு எண்டதையே இப்பிடித்தான் எழுதியிருப்பாங்க, தேடுற இடத்துல புள்ளி கோடு போடாட்டியும் பரவாயில்ல, எழுத்து மட்டும் சரியா இருந்தா கன கட்டலொக்குகள் கண்டுபுடிச்சுத் தந்திரும்.

ஆள் பேரும் அப்பிடித்தான். காரைதீவில 1892ல பிறந்த நம்மட விபுலாநந்த அடிகள எடுங்க, ஒரு இடத்துல ந போட்டு விபுலாநந்தர், இன்னொரு இடத்துல ன போட்டு விபுலானந்தர், வேறொரு இடத்துல சுவாமி எண்டு தொடங்கும், துறவுக்கு முந்தின எழுத்தெண்டா மயில்வாகனம் எண்டு கிடக்கும். நாலையும் போட்டுப் பாத்தாத்தான் தேடினதெண்டு சொல்லலாம். ஊரையும் நம்பாதீங்க. யாழ் நூல் 1947 ஜூன்ல வந்தது கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின்ட வெளியீடா, தஞ்சாவூர்ப் பக்கத்துல. மட்டக்களப்பு எண்டு ஊரப் போட்டு வடிகட்டினா நம்மட ஊராள் எழுதின பெரிய புத்தகமே வராது.

இங்கிலீஷ், ஒல்லாந்துப் புத்தகமெண்டா இன்னொரு கூத்து. மட்டக்களப்புக்கு இங்கிலீஷ்ல பட்டிக்கலோவா எண்டு இப்ப எழுதுற கூட்டல் அப்ப ஒரு நிலையில நிக்கல்ல. 1602ல ஸ்பில்பேர்கன் எண்டுற ஒல்லாந்துக் கப்பல்தலைவன் வந்த காலத்து எழுத்துல எம் எழுத்துல தொடங்கி மட்டேகலோ மாதிரி வரும், புறகு பி எழுத்துக்கு மாறி பட்டிகலோ, பட்டேகலோ எண்டு வரும், டி ஒண்டோ ரெண்டோ எண்டு எழுதினவன்ட மனசப் பொறுத்தது. எல்லாத்தையும் ஒரு கடதாசியில எழுதி வச்சுக்கொண்டு ஒவ்வொண்டாப் போடுங்க. மட்டக்களப்பு நகரம் இருக்கிற தீவின்ட பேர் புளியந்தீவு, அதையும் போட்டுத் தேடுங்க.

அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு ஒரு விசயம், இத ஆரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. அம்பாறை மாவட்டம் பிரிஞ்சது 1961ல. அதுக்கு முதல் எழுதின எந்தப் புத்தகத்துலயும் கட்டலொக்லயும் அம்பாறை மாவட்டம் எண்டு தேடினா ஒண்டும் அம்புடாது, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்புக்குள்ளதான் கிடக்கு. எஸ். ஓ. கனகரெத்தினம் 1921ல இங்கிலீஷ்ல எழுதின மட்டக்களப்பு மாவட்டப் புத்தகம், கொழும்புல அரசாங்க அச்சகத்துல அடிச்சது, அதுல இந்த ஊரெல்லாம் சேத்தித்தான் எழுதியிருக்கு. கல்முனைக்குடிக் காக்கா ஒருத்தர் எங்கட ஊரப் பத்தி பழைய புத்தகத்துல ஒண்டுமே இல்லையே எண்டு கவலப்பட்டாரு, கரவாகுப்பற்று எண்டு தேடிப் பாருங்க காக்கா எண்டன், ரெண்டு நாளுல போன் எடுத்து ஒரு மணித்தியாலம் கதைச்சாரு. பற்று எண்டது அந்தக் காலத்து நிர்வாகப் பிரிவு, அந்தப் பேரத்தான் தேடோணும். கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, பாணமைப்பற்று, இஞ்சால எருவில், போரதீவு, மண்முனை, ஏறாவூர், கோறளை.

வருஷம் கண்டுபுடிக்கிற வேலையும் இருக்கு. அட்டை போன பழைய புத்தகத்துல "குரோதி வருஷம்" எண்டு மட்டும் கிடக்கும். அறுபது வருஷச் சுத்து எண்டதால கிட்டடியில எப்ப வந்ததெண்டு பாத்து அறுபது அறுபதாக் கழிச்சுப் போங்க. குரோதி 2024ல வந்திச்சு, அப்ப 1964, அதுக்கு முதல் 1904. தை, மாசி, பங்குனி போட்டிருந்தா ஒண்டு கூட்டோணும், குரோதி தை எண்டா 1965 ஜனவரி-பெப்ரவரி. ரெண்டுல எது எண்டு எப்பிடிப் புடிக்கிற? உள்ளுக்கு வாசிங்க. கல்லோயாத் திட்டத்தப் பத்தி ஒரு சொல் இருந்தாலும் 1904 ஏலாது, அந்தத் திட்டம் 1949லதான். தமிழ் இலக்கத்துல இருந்தா பயப்பிடாதீங்க, ௧௯௬௪ எண்டா நேர 1964தான், ௲௯௱௬௰௪ எண்டு இருந்தாலும் அதேதான், ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து.

இவ்வளவும் எடுத்துட்டு மீள்பதிப்புக்கு வாங்க. மீள்பதிப்பு எண்டு போட்டிருக்கிறதெல்லாம் ஒரு சாதி இல்ல. பழைய பக்கத்த அப்பிடியே படம் புடிச்சு அடிக்கிறது ஒண்டு, இத நம்பலாம், பக்க இலக்கமும் மாறாது, ஆனா என்ட மேப் மாதிரி கோளாறு வரும். புதுசா எழுத்துக் கோத்து அடிக்கிறது இன்னொண்டு, வாசிக்கச் சுகம், ஆனா பழைய பக்க இலக்கம் போயிரும், அதால ஆரும் "பக்கம் 112 பாக்க" எண்டு எழுதினத வச்சு உங்கட கொப்பியில தேடினா கிடையாது. மூணாவது ரகம் கொம்பியூட்டர் தானா வாசிச்ச எழுத்த அப்பிடியே அடிச்சு விக்கிறது, தும்பிக்கை வச்ச பழைய ணை, லை, னை எழுத்துகள அது ஒழுங்கா வாசிக்காது, அதால குப்பை குப்பையா வரும். இதுக்கு ஒரு சதமும் குடுக்காதீங்க.

வாங்க முதல் விக்கிறவனிட்ட மூணு போட்டோ கேளுங்க, தலைப்புப் பக்கம், அதின்ட பின்பக்கம், கடைசிப் பக்கம். தலைப்புப் பக்கத்தின்ட பின்பக்கத்துல எந்தப் பதிப்புல இருந்து எடுத்ததெண்டு போட்டிருக்கோணும், போடாதவன் மறைக்கிறான் எண்டுதான் நான் எடுக்கிற. கடைசிப் பக்க இலக்கத்த கட்டலொக் வரியோட வச்சுப் பாருங்க. ஆனா அதே பதிப்போட வச்சுப் பாக்கோணும். டெனன்ட்டின்ட இலங்கைப் புத்தகம், வாவியில மீன் பாடுறதத் தோணியில போய்க் கேட்டு எழுதினவர், அது 1859ல லண்டன்ல ரெண்டு பாகமா வந்திச்சு, அடுத்த வருஷத்துக்குள்ளயே அஞ்சாம் பதிப்புக்குப் போயிட்டு. டில்லியில அடிக்கிற மீள்பதிப்பு எதுல இருந்து எடுத்ததெண்டு பாக்காம முதல் பதிப்பின்ட பக்கக் கணக்க வச்சுச் சண்டை புடிக்கப் போகாதீங்க.

இன்னொண்டு, இண்டைக்கு கடையில கிடைக்கிற நம்மட சரித்திரப் புத்தகங்கள் கனக்க ஏட்டுல இருந்து அச்சுக்கு வந்ததுகள். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962ல மட்டக்களப்பு மான்மியத்தப் பதிப்பிச்சாரு, பண்டிதர் வி. சீ. கந்தையா 1968ல கண்ணகி வழக்குரையப் பதிப்பிச்சாரு, அவரே 1964ல மட்டக்களப்புத் தமிழகமும் எழுதினாரு. இதுகளின்ட பின்னைய பதிப்பு கையில இருந்தா முதற் பதிப்பின்ட முன்னுரையும் அடிக்குறிப்பும் உள்ளுக்கு இருக்கா எண்டு கட்டாயம் பாருங்க. லைப்ரரியில புத்தகம் அடுக்குற டூயி வகுப்பு இலக்கத்த வச்சுத் தேடும்போது 954.93 இலங்கைச் சரித்திரத் தட்டோட நிக்காதீங்க, வழக்குரை 294.5 இந்து சமயத்துக்குள்ளயும் கிடக்கலாம், 894.811 தமிழ் இலக்கியத்துக்குள்ளயும் கிடக்கலாம், அடுக்கினவர் எந்த மனநிலையில இருந்தாரோ.

லைப்ரரிக்குப் போனா உசாத்துணைப் பகுதி மிஸ்ஸிட்ட கெதியில "இருக்கா இல்லயா" எண்டு கேட்டு ஓடி வராதீங்க. வந்த புத்தகத்தையெல்லாம் வரிசையா எழுதி வைக்கிற பெரிய ரெஜிஸ்டரக் காட்டேலுமா எண்டு பணிவாக் கேளுங்க. 1978 நவம்பர் 23 சூறாவளியில நனைஞ்சு போனது, 2004 சுனாமியில போனது, ஆரோ இரவல் கொண்டு போய்த் திருப்பித் தராதது, எல்லாம் ரெஜிஸ்டர் அழியாமத் தப்பின இடத்துல எழுத்துல கிடக்கும். புத்தகம் போனாலும் அந்த வரி இருந்தா வேற எந்த லைப்ரரியில தேடுறதெண்டு தெரியும். போட்டோ எடுக்கிறதெண்டா கேட்டுட்டு எடுங்க, பிளாஷ் வேணாம், முதுகு ஒடிய விரிக்க வேணாம், மடிப்பு மேப் இருந்தா தயவு செய்து விரிச்சு எடுங்க.

நீங்களே ஒண்ட மீள்பதிப்பு போடப் போறீங்களெண்டா, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி எழுதினவர் இறந்து 70 வருஷம் போகோணும், அதுக்குள்ளயெண்டா குடும்பத்த கேட்டுட்டுச் செய்யுங்க. விபுலாநந்த அடிகள் 1947ல போனவர், அவர்ட எழுத்துக்கு அந்தக் கணக்கு முடிஞ்சிட்டு. ஆனா புறகு வந்த பதிப்பாசிரியர் எழுதின முன்னுரையும் குறிப்பும் வேற கணக்கு.

கடைசியா, எந்தக் கட்டலொக்லயும் ஏறாத மீள்பதிப்பு ஒண்டு நம்மட வீட்டு அலுமாரியிலதான் கிடக்கு. செத்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் குடுக்கிற நினைவு மலர். அம்மம்மாட படம், குடும்ப விவரம், அதுக்குப் புறகு முப்பது பக்கத்துக்கு ஆரோ ஒரு மாமா தேடிப் போட்ட அம்மன் காவியமோ குளிர்த்திப் பாட்டோ, எதுல இருந்து எடுத்ததெண்டு ஒரு சொல் இருக்காது. கோயில் கும்பாபிஷேக மலரும் இதே மாதிரி. எனக்கு ஒரு பழைய பாட்டின்ட முழு வடிவம் கிடைச்சது களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வீட்டுல, சாமி அறைப் படத்துக்குப் பின்னால செருகி வச்சிருந்த மலர்ல, இராமபாணப் பூச்சி நடுவுல ஓட்டை போட்டிருந்திச்சு. அப்பிடி ஒண்டு உங்கட கையில இருந்தா பேர், திகதி, அச்சகம், பக்கம் நாலையும் ஒரு துண்டுல எழுதி உள்ளுக்கு வைங்க, போன்ல ஸ்கேன் பண்ணி நூலகம் டொட் ஓர்க்குக்கு அனுப்புங்க, அட்டையையும் பின் அட்டையையும் சேத்து அனுப்புங்க, அச்சகத்தின்ட பேர் பின் அட்டையிலதான் குறுணியா இருக்கும்.